கிரீஸ் நிறைய இருந்தும் காய்ந்துபோன ஸ்டீயரிங் பாக்ஸ்

வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் சொன்ன முதல் விஷயமே இதுதான்: "எதை வேணும்னாலும் பாருங்க சார், ஸ்டீயரிங்ல கிரீஸ் இல்லைன்னு மட்டும் சொல்ல முடியாது, அவ்வளவு அடிச்சு வெச்சிருக்கு." குனிந்து பார்த்தேன். பொய்யில்லை. நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கும் முனை, இருக்கும் இடமெல்லாம் கிரீஸ் பிதுங்கி, அதன் மேல் தூசி படிந்து, கறுப்பு அப்பம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்ட வண்டியின் ஸ்டீயரிங் ஏன் இப்படி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. காரணம் அந்த அக்கறையிலேயே இருந்தது.

வண்டி 1965 ஆஸ்டின்-ஹீலி 3000, மார்க் 3. நீளமான மூக்கு, ஆறு சிலிண்டர் இன்ஜின், அதன் கனம் முழுக்க முன்சக்கரத்தில். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ரேக்-பினியனும் கிடையாது. கேம்-பெக் என்று சொல்லப்படும் பழைய வகை பாக்ஸ். ஸ்டீயரிங் தண்டின் அடி முனையில் திருகு மாதிரி பள்ளம் வெட்டிய உருளை ஒன்று இருக்கும், அதுதான் கேம். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு முளை, அதாவது பெக், உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முளை பள்ளத்தோடு நகர்ந்து ராக்கர் தண்டைத் திருப்பும், தண்டின் கீழே மாட்டியிருக்கும் டிராப் ஆர்ம் என்ற கை, முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளைத் தள்ளும். வண்டியின் எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய அதே உருவத்தில் ஐட்லர் ஒன்று இருக்கும். அதற்குள் கியர் எதுவும் இல்லை, வெறும் தாங்கிதான், ஆனால் அதற்கும் தனியாக எண்ணெய் ஊற்ற ஒரு பிளக் உண்டு. அந்தப் பிளக்கைப் பலரும் தொடுவதே இல்லை, அது இருப்பதே தெரியாது.

இப்போது நோய் என்ன என்று பார்ப்போம். காலையில் எடுத்ததும் ஸ்டீயரிங் கனம். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வராது, நாமே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இவ்வளவு கனமான ஸ்டீயரிங்கில், நேராகப் போகும்போது மட்டும் ஸ்டீயரிங் சக்கரத்தின் விளிம்பில் 5 சென்டிமீட்டர் பிளே, அதாவது முன்சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் தூரம். கனமும் லூஸும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால் என் அனுபவத்தில் ஒரே அர்த்தம்தான்: லூஸாகிவிட்டதே என்று யாரோ பாக்ஸ் மூடியில் இருக்கும் அட்ஜஸ்ட் திருகை இறுக்கியிருக்கிறார்கள். இந்த வகைப் பாக்ஸில் தேய்மானம் நடுவில்தான் அதிகம், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது. நடுவில் இருக்கும் பிளேயைத் தீர்க்கத் திருகை இறுக்கினால், தேயாத இரண்டு ஓரங்களிலும் முளை பள்ளத்துக்குள் போய் இறுகும். வளைவில் பிடித்துக்கொண்டு வராமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

ஆனால் அது மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் டயர் காற்று, சரியாக இருந்தது. அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீயரிங் சக்கர விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன்: இரண்டரைக் கிலோ காட்டியது. தரையில் சக்கரமே படாதபோது இது மிக அதிகம். டை ராடுகளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஆட்டினேன். இடது பக்கம் சுலபமாகப் போய் வந்தது. வலது பக்கம் பாதி வழியில் கரகரவென்று நின்று நின்று போனது. சரி, ஒரு குற்றவாளி கிங்பின், முன்சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் செங்குத்துத் தண்டு. பிறகு எதுவும் மாட்டாத பாக்ஸை மட்டும் திருப்பினால் அப்போதும் தராசில் ஒன்றரைக் கிலோ. இரண்டாவது குற்றவாளி பாக்ஸ். இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் எதற்கும் கிரீஸ் அடிக்கப் போகாதீர்கள். அடித்துவிட்டால் எது சரியானது, எது ஆகவில்லை என்றே தெரியாமல் போய்விடும்.

பாக்ஸைக் கழற்றி மேசையில் வைத்து மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே முழுக்கப் பழுப்பு நிறக் கிரீஸ், விளிம்பு வரை. சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸ். ராக்கர் தண்டை மெதுவாகத் தூக்கி வெளியே எடுத்தேன், அப்போதுதான் புரிந்தது. முளை போய்வரும் பாதை முழுவதும் கிரீஸுக்குள் ஒரு சுரங்கம் மாதிரி குடைந்திருந்தது. சுரங்கத்தின் சுவர்கள் பளபளவென்று வழுவழுப்பாக, யாரோ கரண்டியால் பூசிய மாதிரி. அந்தச் சுரங்கத்துக்கு உள்ளே இருந்த கேம் பள்ளத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பசையே இல்லை. செங்கல் பொடி மாதிரி சிவந்த துகள்தான் விரலில் ஒட்டியது. முளையின் முகத்தில் நகத்தளவு தட்டையான தேய்மானம். சுற்றிலும் அரைக் கிலோ கிரீஸ், நடுவில் காய்ந்த இரும்பு.

இதைச் செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கையேட்டில் கியர் எண்ணெய் என்றுதான் இருக்கிறது, எஸ்ஏஇ 90 (எஸ்ஏஇ எண் எண்ணெயின் கெட்டியைச் சொல்வது, எண் கூடினால் கெட்டியும் கூடும்). ஆனால் இந்தப் பாக்ஸ் ஒழுகும். ராக்கர் தண்டின் சீல் வழியாக ஒழுகும், அதைவிட மோசமாக ஹாரன், இண்டிகேட்டர் வயர் போகும் நடுக்குழாய் பாக்ஸின் முன்முனையில் வெளியே வரும் இடத்தில் ஒழுகும். ஊற்றிய எண்ணெய் தரையில் சொட்டச் சொட்ட, ஒருநாள் யாரோ "ஒழுகாத ஏதாவது போட்டுவிடுவோம்" என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒழுகவில்லைதான். அந்தக் கிரீஸ் வைத்த இடத்தைவிட்டு எங்குமே போகவில்லை, அதனால்தான் போக வேண்டிய இடத்துக்கும் போகவில்லை.

கிரீஸ் என்பது என்ன? எண்ணெயையும் அதைப் பிடித்துவைக்கும் ஒரு சோப்பையும் சேர்த்த கலவை. சோப்பு பஞ்சு மாதிரி, எண்ணெய் அதில் ஊறிய தண்ணீர் மாதிரி. எவ்வளவு கெட்டி என்பதற்கு என்எல்ஜிஐ என்று ஓர் எண் இருக்கிறது. அளக்கும் விதம் எளிமையானது: குறிப்பிட்ட எடையுள்ள ஒரு கூம்பை 25 டிகிரி வெப்பத்தில் கிரீஸ் மேல் விட்டு, ஐந்து வினாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் பார்ப்பார்கள். சாதாரணச் சேசிஸ் கிரீஸ், பேரிங் கிரீஸ் எல்லாம் 2-ஆம் எண், கூம்பு 265 முதல் 295 வரை இறங்கும். 0 என்றால் 355 முதல் 385. 00 என்றால் 400 முதல் 430, 000 என்றால் 445 முதல் 475. கடைசி இரண்டும் கிரீஸ் என்று பெயர்தானே தவிர கெட்டியான தேன் மாதிரி, சாய்த்தால் மெதுவாக வழியும்.

பேரிங்கில் 2-ஆம் எண் வேலை செய்கிறதே, இங்கே ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். பேரிங்கில் குண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் ஒதுங்கிய கிரீஸிலிருந்து எண்ணெய் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும், சூடும் அதற்கு உதவும். ஸ்டீயரிங் பாக்ஸ் சூடாவதே இல்லை என்று சொல்லலாம், வேகமாகச் சுற்றுவதும் இல்லை. முளை ஒரே பள்ளத்தில், கனமான பளுவோடு, அரை அங்குலம் இந்தப் பக்கம் அரை அங்குலம் அந்தப் பக்கம் என்று உராய்ந்துகொண்டே இருக்கிறது. முதல் தடவையே கிரீஸைத் தள்ளி ஒதுக்கிவிடும். தள்ளியது திரும்பி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஆகவே இங்கே எதைப் போடலாம் என்று தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி, ஒதுக்கிவிட்டால் திரும்பி வருமா?

அதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாலு டப்பா மூடிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் எஸ்ஏஇ 90 கியர் எண்ணெய், ஒன்றில் எஸ்ஏஇ 140, ஒன்றில் 00 கிரீஸ், ஒன்றில் பாக்ஸில் இருந்த அதே மாதிரியான 2-ஆம் எண் கிரீஸ். ஸ்குரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றிலும் அடி தெரியும்படி ஒரு கோடு இழுத்தேன். 90-ல் கோடு விழவே இல்லை, இழுக்க இழுக்க மூடிக்கொண்டது. 140-ல் ஒரு மூச்சு நேரம் நின்று மூடியது. 00-ல் கோட்டின் இரண்டு கரையும் சோம்பலாகச் சரிந்து, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்து, அடி மறைந்தது. 2-ஆம் எண்ணில் உழவுசால் மாதிரி கோடு அப்படியே நின்றது. மறுநாள் காலை வந்து பார்த்தேன், அப்போதும் நின்றது. அதன் அடியில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று கசிந்திருந்தது, அதை நம்பி ஒரு பாக்ஸை ஓட்ட முடியாது. குளிரில் எப்படி என்று பார்க்க நாலையும் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தேன். 140 வெளியே 00 நடந்துகொண்ட மாதிரி நடந்துகொண்டது, 00-க்குக் கோடு மூட ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. குளிர் ஊரில் வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே 000 பொருத்தமாக இருக்கும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கியர் எண்ணெயின் 90-ஐயும் இன்ஜின் எண்ணெயின் 40, 50-ஐயும் பக்கத்தில் வைத்து, 90 இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் எண்ணெய் 90, இன்ஜின் எண்ணெய் 40-50-க்கு ஏறக்குறைய அதே கெட்டிதான். அதற்காக மீதமிருக்கும் இன்ஜின் எண்ணெயைப் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். கெட்டி ஒன்றாக இருந்தாலும், பளு தாங்கும் ஈபி கலவை அதில் கியர் எண்ணெய் அளவுக்கு இருக்காது.

அடுத்து, கியர் எண்ணெயின் தர வகைகளில் ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ என்ற சண்டை. ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக-பாஸ்பரஸ் ஈபி சரக்கு ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கந்தகம் வீரியமாக இருந்தால் பித்தளை, வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகத்தை அரிக்கும். பழைய வண்டியில் வெண்கலப் புஷ், வெண்கல நட் எல்லாம் சகஜம். ஸ்டீயரிங் பாக்ஸ் சூடாகாது, அரிப்பு வேகம் பிடிப்பது சூட்டில்தான், அதனால் சிலர் பயப்படுவது போல ஜிஎல்-5 ஊற்றிய மறுவாரமே எதுவும் கரைந்துவிடாது. ஆனாலும் இங்கே ஜிஎல்-5-இன் பலம் தேவையே இல்லாதபோது எதற்கு அந்தச் சங்கடம்? ஜிஎல்-4 எடுத்தேன்.

முதல் முயற்சியில் நான் சறுக்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பாக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, சுத்தமாகக் காயவைத்து, புது முளை போட்டு, புது சீல் போட்டு, கையேட்டில் சொன்னபடி எஸ்ஏஇ 90 ஊற்றி மூடினேன். சீல் புதுசு என்ற நம்பிக்கை. பத்தாவது நாள் கீழே ஒரு திட்டு. சீல் உதடு உட்காரும் இடத்தில் ராக்கர் தண்டிலேயே ஒரு பள்ளம் ஓடியிருந்தது, விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அதைக் கழற்றும்போதே பார்த்திருக்க வேண்டும், கிரீஸ் சுரங்கத்தைப் பார்த்த பரவசத்தில் விட்டுவிட்டேன். முன்முனையில் நடுக்குழாயை இறுக்கும் ஆலிவ் வளையமும் பழசு, அதன் வழியாகவும் கசிவு. ஆலிவை மாற்றி அந்தக் கசிவை நிறுத்திவிட்டேன். தண்டைச் சரிசெய்ய உலோகம் பூசிக் கடைந்து எடுக்க வேண்டும், அதற்கு வண்டி மாதக்கணக்கில் நிற்கும், சொந்தக்காரர் மாட்டேன் என்றுவிட்டார்.

அங்கேதான் 00 கிரீஸ் வந்தது. தண்டு நன்றாக இருந்திருந்தால் எண்ணெயை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன், கையேடு எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். தேய்ந்த தண்டுக்கு, எண்ணெய் மாதிரி திரும்பி வரவும் வேண்டும், கிரீஸ் மாதிரி சீல் விளிம்பில் நிற்கவும் வேண்டும் என்றால் நடுவில் இருப்பது இதுதான். எஸ்ஏஇ 140 என்ன ஆயிற்று என்றால், அது ஒழுகுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கடையில் வாங்காமல், கெட்டிக் கிரீஸையும் கியர் எண்ணெயையும் வாளியில் போட்டுக் கலக்கி வீட்டிலேயே "00" செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நாளாக ஆக அது பிரிந்து, எண்ணெய் ஒழுகிப்போய், கெட்டி மட்டும் மிஞ்சும். மறுபடியும் சுரங்கம்.

00-க்கு ஒரு குறை உண்டு. தானாக மேலே இருக்கும் பேரிங் வரை ஏறிப் போகாது. அதனால் கேமின் இரண்டு பக்கப் பேரிங்குகளிலும் மாட்டும் முன்பே அதே கிரீஸை விரலால் திணித்தேன். அப்புறம் கொஞ்சம் ஊற்றுவது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பத்துத் தடவை திருப்புவது, பொறுத்திருப்பது, மறுபடி ஊற்றுவது. அவசரப்பட்டால் உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிடும், பிளக் வரை நிறைந்த மாதிரி தெரியும், மறுநாள் பாதிதான் இருக்கும். ஐட்லரின் தண்டு தேயாமல் இருந்ததால் அதற்கு எஸ்ஏஇ 90 எண்ணெயே. அட்ஜஸ்ட் திருகை முன்சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் வைத்து, லேசான எதிர்ப்பு கையில் தெரிந்ததும் நிறுத்தி, இரண்டு ஓரத்துக்கும் திருப்பி எங்கும் இறுகவில்லை என்று பார்த்துப் பூட்டினேன்.

வலது கிங்பினுக்கு வருகிறேன். மேலும் கீழும் நிப்பிள் இருக்கிறது, இரண்டிலும் வெளியே கிரீஸ் அப்பியிருந்தது. கிரீஸ் கன் வைத்து அழுத்தினால் கீழே புதுசு பிதுங்கியது, மேலே நிப்பிளுக்கும் கன்னுக்கும் நடுவிலேயே பீறிட்டது. இத்தனை வருடமாக அடித்த கிரீஸ் உள்ளே போகாமல் வெளியேதான் அப்பியிருக்கிறது! நிப்பிளைக் கழற்றினால் அதன் துளைக்குள் பழைய கிரீஸ் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தும் வழி திறக்கவில்லை, கிங்பின்னைக் கழற்றி மேல் புஷ்ஷை மாற்றி, அதன் துளையை அளவுக்குக் கடைய ரீமர் போட வேண்டியதாயிற்று.

இங்கே 2-ஆம் எண் கிரீஸ்தான் சரி. பாக்ஸில் வில்லனாக இருந்தது இங்கே நாயகன். காரணம், இங்கே உள்ளே தேங்கி நிற்க மூடிய தொட்டி கிடையாது, மழைத்தண்ணீரும் மண்ணும் நேராக அடிக்கும், கிரீஸ் வாசலில் நின்று காவல் காக்க வேண்டும். பழசைத் தள்ளிக்கொண்டு புதுசு வருவதுதான் பராமரிப்பு. லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகையில், மாலிப்டினம் டைசல்ஃபைட் கொஞ்சம் கலந்ததை எடுத்தேன். மெதுவாக உராயும் இடங்களில் மாலிப்டினம் உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டி நிற்கும். தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸும் மனதில் இருந்தது, ஆனால் இடது பக்கத்தை நான் பிரிக்கவில்லை, அதில் பழைய லித்தியம் கிரீஸ் இருக்கிறது. வேறு வேறு சோப்புக் கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேராவிட்டால் கலவை இளகி ஓடிவிடும். களிமண் வகைக் கிரீஸ் இதில் மிக மோசம், ஏறக்குறைய யாரோடும் ஒத்துப்போகாது. அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக் கூடாது. பளுவில் கிங்பின் ஒரு பக்கமாகப் புஷ்ஷில் சாய்ந்து நிற்கும், கிரீஸ் அந்தப் பக்கம் நுழையவே நுழையாது. தூக்கி வைத்து, ஒருவர் சக்கரத்தைத் திருப்ப இன்னொருவர் அடிக்க வேண்டும்.

எல்லாக் கார்களுக்கும் இதையே செய்யலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். டிரையம்ப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வண்டிகளில் முன்சக்கரத் தண்டின் கீழ் முனை மரை வெட்டி, டிரன்னியன் என்ற வெண்கலத் தாங்கிக்குள் திருகி நிற்கும், திரும்புவதே அந்த மரையில்தான். அங்கே கையேடு கியர் எண்ணெய் கேட்கிறது, அதையும் கிரீஸ் கன்னில் நிரப்பித்தான் அடிக்க வேண்டும். கன்னைப் பார்த்ததும் கிரீஸ் என்று நினைத்து அடித்தவர்கள் பலர். மரையின் அடிவரை கிரீஸ் இறங்காது, தண்ணீர் இறங்கும், துருப்பிடித்து ஒருநாள் தண்டே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். அதே ஸ்பிட்ஃபயரின் ஸ்டீயரிங் ரேக்குக்குக் கிரீஸ்தான், ஆனால் கன்னை ஐந்து தடவை மட்டும் அழுத்தச் சொல்கிறார்கள், அதற்கு மேல் போனால் ரப்பர் உறை உப்பிக் கிழியும். ஒரே வண்டி, ஒரு கை தூரத்தில் இரண்டு இடம், நேர் எதிரான இரண்டு பதில்.

மிச்சம் சில்லறை வேலைகள். டை ராடு முனைகளில் கிங்பின்னுக்குப் போட்ட அதே கிரீஸ், உறை லேசாக உப்பியதும் நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் மேல்முனையில் இருக்கும் ஃபெல்ட் புஷ்ஷுக்கு மெல்லிய எண்ணெயில் ஊறவைத்தால் போதும், கிரீஸ் போட்டால் ஃபெல்ட் அடைத்துக்கொள்ளும். பழைய இயற்கை ரப்பர் உறைகளைக் கனிம எண்ணெய் உப்பவைக்கும், அதனால் உறையின் வாய் விளிம்பில் மட்டும் ரப்பருக்கென்றே இருக்கும் சிவப்புக் கிரீஸைத் தொட்டுவைத்தேன். சிலிகான் கிரீஸ் ரப்பருக்கு நல்லது என்று அதையே உலோக மூட்டுக்கும் போடுபவர்கள் இருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் பளுவோடு உராயும் இடத்தில் அது உதவாது.

மாட்டி முடித்து, முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவான டோ-இன் பார்த்து, அதே தராசு: ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. விளிம்பில் பிளே ஒன்றரை சென்டிமீட்டர், இந்த வயதுப் பாக்ஸுக்கு இதற்குக் கீழே எதிர்பார்த்தால் மறுபடியும் அந்தத் திருகில்தான் போய்க் கை வைப்பீர்கள். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருகிறது, கடைசி ஒரு விரல் தூரம் தவிர.

ஆறு மாதம் கழித்து வண்டி வந்தபோது பாக்ஸின் பிளக்கைத் திறந்து, ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கரை சரிந்து மூடிக்கொண்டது. அளவு அரை விரல் இறங்கியிருந்தது, நிரப்பினேன். ஐட்லரின் கீழேதான் இப்போது ஒரு சொட்டு தொங்குகிறது. அடுத்த தடவை அதன் சீல்.